சாயம் போகுமா?

ஆடி வெள்ளிக்கிழமைகளில் படவேட்டுக்குச் சென்று வந்த நேயர்கள் அந்த மஞ்சள் நிறத்தை மறந்திருக்கமாட்டார்கள். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ரேணுகாம்பாள் ஸந்நிதியை நோக்கி நடக்கும் ஜனத்திரளில் பெண்டிரின் சேலையும் மஞ்சள், குழந்தைகளின் சட்டையும் மஞ்சள். அவற்றுள் கடைச் சரக்கும் உண்டு. வெள்ளைத் துணியை வீட்டிலேயே மஞ்சள் நீரில் தோய்த்து நிழலில் உலர்த்தி உடுத்துவோரும் உண்டு. இந்த இரண்டாவது வகையை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஊர் திரும்பியதும் அதை மற்றத் துணிகளோடு சேர்த்து ஊறப்போட்டுவிட்ட இல்லத்தரசியார், மறுநாள் காலையில் தம் கணவரின் வெள்ளை வேஷ்டியைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார்.

தோய்த்தல், உலர்த்தல், மறுபடியும் தோய்த்தல். சாயத்தொழிலின் மூலமந்திரம் இவ்வளவுதான். இதே மந்திரத்தைக்கொண்டு, பருத்தி நூலுக்கு நிறத்தை ஏற்றாமல் மின்சாரத்தைக் கடத்தும் குணத்தை ஏற்றுகிறார்கள் இன்றைய ரஸாயன சாஸ்திரிகள். மஞ்சளுக்குப் பதிலாக அவர்கள் கலப்பது கரி.

உலர்ந்த பருத்தி மின்சாரத்துக்கு வழிவிடாது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அதனாலேதான் முற்காலத்தில் மின்சாரக் கம்பிகளுக்குப் பருத்தி நூலால் உறை பின்னினார்கள். பழைய வீடுகளின் உத்தரத்திலிருந்து விளக்கைத் தாங்கிக்கொண்டு, முறுக்கிய கயிற்றைப்போல் தொங்கிய கம்பியைப் பெரியவர்கள் நினைவுகூரலாம். மின்சாரத்தைத் தடுப்பதற்கென்று அமர்த்திய காவற்காரனையே அதை ஏந்திச்செல்லும் தூதனாக மாற்றிவிட்டார்கள் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் ஸர்வகலாசாலையில் நிக்கொலஸ் கோட்டாவ் என்னும் பேராசிரியரும் அவருடைய கூட்டத்தாரும் சாதாரணப் பருத்தி நூலைக் கார்பன் நானோகுழாய்கள் கலந்த திரவத்தில் சில முறை தோய்த்து உலர்த்தினார்கள். நூல் கறுத்தது, ஆனால் விறைத்துப் போகவில்லை. வளைத்தாலும் முறுக்கினாலும் நூலாகவே இருந்தது. அதை மின்கலத்தோடு இணைத்தபோது மறுமுனையில் ஒரு சிறு விளக்கு எரிந்தது. ஒரு ஸெண்டிமீட்டர் நீளத்துக்கு அந்நூலின் மின்தடை சுமார் 20 ஓம் வரையில் இறங்கியது. இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதத்தை இனங்கண்டுகொள்ளும் பொருள் ஒன்றையும் அதிலே சேர்த்து, நூலே இரத்தக் கசிவை அறிவிக்கும்படியும் செய்தார்கள்.

இந்த நானோகுழாய் யாது? விளக்குப் புகையைப் பிடித்துக் கண்மை கூட்டிய தாய்மார்களுக்குக் கரி புதிதல்ல. அந்தப் புகைக்கரியும், பென்ஸிலின் உள்ளீடும், வைரமும் ஒரே மூலப்பொருளின் அவதாரங்கள். அணுக்கள் அடுக்கப்பட்ட முறைதான் வேறு. பென்ஸிலின் கரியில் அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப்போல் அறுகோணமாய்க் கோத்துத் தகடு தகடாக அடுக்கியிருக்கின்றன. அத்தகடு ஒன்றைப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி ஓரங்களை இணைத்துவிட்டால் எப்படி இருக்குமோ, அதுவே கார்பன் நானோகுழாய். நாம் இங்கே கரிக்குழல் என்று சுருக்கிக்கொள்வோம். ஜப்பானியரான ஸுமியோ இஜிமா 1991-இல் இதன் அமைப்பைத் தெளிவாகக் கண்டு வெளியிட்ட பின்னரே உலகம் இதன் பக்கம் திரும்பியது. ஒரே சுவருள்ள குழலின் குறுக்களவு ஒன்றிரண்டு நானோமீட்டர். அதாவது பருத்தி இழையின் அகலத்தில் ஏறக்குறையப் பதினாயிரத்தில் ஒரு பங்கு. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் உள்ள குழல்களும் உண்டு. அவை சற்றுப் பருமனானவை, விலையும் மலிவானவை.

அப்படியானால் சாதாரண விளக்குக் கரியையே குழைத்துத் தோய்த்தால் என்ன என்று கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்விதான். கூடத்துத் தரையில் ஒரு பிடி கடுகை இறைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எறும்பு தரையை மிதிக்காமல் கடுகின்மேலேயே நடந்து எதிர்ச்சுவருக்குப் போகவேண்டுமென்றால் கூடம் முழுவதும் கடுகு நெருங்கிக் கிடக்கவேண்டும். அதே கூடத்தில் ஒரு துடைப்பத்தைப் பிரித்து ஈர்க்குகளை விசிறிவிட்டால், அவை குறுக்கும் நெடுக்குமாய் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கொஞ்சம் ஈர்க்கிலேயே எறும்புக்குப் பாதை அகப்பட்டுவிடும். மின்சாரம் அந்த எறும்பு, புகைக்கரி கடுகு, கரிக்குழல் ஈர்க்கு. துணி மடிந்தாலும் கசங்கினாலும் ஈர்க்குகள் ஒன்றின்மேல் ஒன்று நகருமேயன்றிப் பாதை எளிதில் அற்றுப்போவதில்லை. கொஞ்சம் கரியே போதுமாகையால் துணியும் துணியாகவே இருக்கிறது.

கரி நீரிலே கரையாது. குழல்களை நீரில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகிவிடும். இதற்கு 2010-இல் ஸ்டான்போர்டு ஸர்வகலாசாலையில் யீ ட்ஸுவே, லியாங்பிங் ஹூ முதலியோர் கையாண்ட உபாயம் நம் துவைகல்லுக்குப் பழக்கமான ஒன்று. சலவைத் தூளில் அழுக்கைப் பிரித்தெடுக்கும் பொருளின் இனத்தைச் சேர்ந்த சவர்க்காரம் ஒன்றை நீரில் கலந்து, காதுக்கு எட்டாத ஒலி அலைகளால் அதை அதிரச் செய்தார்கள். குழல்கள் பிரிந்து, திரவம் எழுதும் மையைப்போல் ஆயிற்று. அந்த மையில் பருத்தித் துணியைத் தோய்த்துச் சூட்டில் உலர்த்தினார்கள். மின்தடை போதிய அளவு இறங்கும்வரை திரும்பத் திரும்பத் தோய்த்தார்கள். பிறகு நல்ல நீரில் அலசினால் சவர்க்காரம் போய்விடும், கரி தங்கிவிடும். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஸாதனம் ஒன்றையும் அத்துணியாலேயே செய்து காட்டினார்கள்.

பருத்தி ஏன் இப்படிக் கரியைப் பற்றிக்கொள்கிறது? பூதக்கண்ணாடியின் கீழ் பருத்தி இழை முறுக்கிய நாடாவைப்போல் தோன்றும். நீர் பட்டால் பருக்கும், தன் மேனி முழுவதும் நுண்ணிய இடுக்குகளைத் திறந்துவிடும். மெல்லிய குழல்கள் அந்த மேனியோடு எண்ணற்ற இடங்களில் ஒட்டிப் படிகின்றன. ஒவ்வோர் ஒட்டும் தனித்தனியே வலுவற்றதுதான். ஆயினும் பல்லியின் பாதம் சுவரைப் பற்றுவதும் இதே வகையான அற்பப் பிடிப்புகள் கோடிக்கணக்கில் சேர்வதனால்தான்.

இனித் தம்பட்டத்தைச் சற்றே இறக்கி வைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள செப்புக் கம்பியில் ஒரு ஸெண்டிமீட்டர் துண்டின் மின்தடை, ஓர் ஓமில் ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒரு பங்கு. மிச்சிகன் நூலின் தடை அதைப்போல் சுமார் லட்சம் மடங்கு. ஆகவே கரித்துணியைக் கொண்டு மின்விசிறியைச் சுழற்றலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் இருதயம் துடிக்கும்போது நம் தோலின்மேல் உண்டாகும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதை எடுத்துச் செல்லும் நூலில் சில நூறு ஓம் தடை இருந்தாலும் பாதகமில்லை. வறண்ட தோலே ஆயிரக்கணக்கான ஓம் தடையுடையது அல்லவா? செப்புக் கம்பிக்குப் பெருங்காரியம். கரிநூலுக்கு நாடி பார்க்கும் காரியம்.

இந்த இடத்தில் படவேட்டுக்கு மேலேயுள்ள மலை நம் நினைவுக்கு வருகிறது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக்கிடக்கும் சிற்றூர்களில், மலையாளிகள் என்று பெயர்கொண்ட பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கேரள தேசத்தாரல்லர்; மலையிலே வாழ்வோர் என்பதனால் வந்த பெயர். அங்கே ஒருவருக்கு மார்வலி வந்தால், அது வாயுத் தொந்தரவா இருதய நோயா என்று அறிவதற்கே மலையை விட்டு இறங்கவேண்டியிருக்கும். இருதயத் துடிப்பைப் பதிவு செய்வதற்கு வழக்கமாக மார்பில் பசையுள்ள ஒட்டுகளைப் பதிக்கிறார்கள். பசை உலர்ந்தால் ஒட்டு வீண். அடுத்த தடவைக்குப் புதிது வேண்டும். துணியோடு தைத்த கரிநூலுக்கு உலர்ந்துபோகப் பசையே இல்லை. கிராமத்து நர்ஸம்மாள் நோயாளிக்கு ஓர் உட்சட்டையை மாட்டிவிட்டு, துடிப்பின் படத்தைக் கைப்பேசி மூலம் வேலூரிலுள்ள வைத்தியருக்கு அனுப்புவது என்பது நம் மனோரதம். மனோரதமே ஆனாலும் ஆதாரமற்றதல்ல. 2021-இல் டெக்ஸஸ் மாகாணத்து ரைஸ் ஸர்வகலாசாலையில் மட்டேயோ பாஸ்குவாலியின் கூட்டத்தார், முழுவதும் கரிக்குழலாலேயே ஆன நூலை ஓர் உடற்பயிற்சிச் சட்டையில் நெளிநெளியாகத் தைத்து, அணிந்தவரின் இருதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். மெல்லிய கரி இழைகளைத் தையல் நூலின் பருமனுக்கு முறுக்க அவர்கள் பயன்படுத்தியது, பொம்மைக் கப்பல்களுக்குக் கயிறு திரிக்கும் ஒரு சிறு கருவி! நம் கைத்தொழிலாளருக்கு இது இனிக்கும் செய்தி. சட்டையைச் சலவை இயந்திரத்திலே துவைத்தும் பார்த்தார்கள். நூல் தாங்கியது.

உண்மையில் மின்சாரம் ஓடும் துணி எங்கள் பக்கத்துக்குப் புதிதன்று. படவேட்டிலிருந்து நேர் கிழக்கே போனால் ஆரணி. அங்கே பட்டுத் தறிகளில் நெய்யும் அசல் ஜரிகை என்பது, பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. வெள்ளியைக் காட்டிலும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வேறில்லை. 1997-இல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரெஹ்மி போஸ்ட், மாகி ஆர்த் என்னும் இருவர், துவைக்கத்தக்க கம்ப்யூட்டர் செய்ய முற்பட்டபோது எடுத்துக்கொண்டது உலோக இழை கலந்த மெல்லிய பட்டுத் துணியையே. அத்துணி இந்தியாவில் ஒரு நூற்றாண்டுக்குக் குறையாமல் நெய்யப்பட்டு வருவது. ஆக, நம் தறிக்காரர் தலைமுறை தலைமுறையாக மின்கம்பியை நெய்து வந்திருக்கிறார். அந்தக் கணக்கில் அவருக்கு யாரும் கூலி போட்டதில்லை. ஆனால் வெள்ளி ஜரிகையை நோயாளியின் உட்சட்டையில் வைத்துத் தைக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் கட்டாது. தோலை உறுத்தும் என்பது வேறு.

வடக்கே வேலூருக்கும் இவ்விஷயத்தில் ஒரு பந்தம் உண்டு. அங்குள்ள வி.ஐ.டி. ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், கீழடியில் கிடைத்த கறுப்புப் பானையோடுகளின் உட்பூச்சில் கரிக்குழல்கள் இருப்பதைக் கண்டு 2020-இல் வெளியிட்டார்கள். ஓடுகள் கி. மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதற்கு முன்னர் 2006-இல், ஜெர்மானிய தேசத்து டிரெஸ்டன் நகரில் பேட்டர் பாவ்ப்ளர் என்பவரின் கூட்டத்தார் பதினேழாம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கரிக்குழல்களைக் கண்டிருந்தார்கள். அத்தகைய வாள்களுக்கு மூலமான உருக்கு நம் தேசத்திலிருந்து சென்றது. இந்தச் செய்திகளைக் கேட்டவுடன், "நம் முன்னோர் அறியாததா!" என்று மீசையை முறுக்கும் கனவான்கள் உண்டு. குயவரும் கொல்லரும் சூட்டின் பக்குவத்தை அறிந்திருந்தார்கள். அந்தப் பக்குவத்தில் தாமே விளைந்த குழல்களை அவர்கள் அறிந்திருக்கவில்லை, அறிந்திருக்கவும் முடியாது. பக்குவம் அறிந்தது போதாதா? இல்லாத பெருமையை ஏன் கடன் வாங்கவேண்டும்?

இவற்றையெல்லாம் ஒருநாள் நம் அத்தையாரிடம் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். எழுபது பிராயத்தைக் கடந்தவர். மூன்று தலைமுறையின் துணிகளைத் துவைத்து உலர்த்தியவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதானப்பா. சாயம் போகுமா?" என்றார்.

"கொஞ்சம் போகும், அத்தை. துவைக்கத் துவைக்கக் குறையும்" என்றோம்.

"போனது எங்கே போகும்?"

விஷயத்தின் உயிர்நிலை இதுதான். முதற்கேள்விக்கு விடை தேடிக் கொண்டிருக்கிறார்கள். குழல்களை அமிலத்தில் பக்குவப்படுத்தி நீரை விரும்பும் முனைகளை உண்டாக்கினால் பருத்தியோடு பிணைப்பு இறுகும். மேலே மெல்லிய பிசின் பூச்சுக் கொடுத்தாலும் பிடிப்பு கூடும். எனினும் தோய்த்து ஏற்றிய பொருள் எதுவும் உராய்வில் சிறிதளவாவது உதிர்வது இயல்பு. மஞ்சள் போனால் வேஷ்டியோடு போகிறது. அவுரி உதிர்ந்தால் கழுத்தில் நீலம் படிகிறது. கரிக்குழல் உதிர்ந்தால்?

அது மூச்சோடு உள்ளே போகலாம். 2008-இல் எடின்பரோ ஸர்வகலாசாலையைச் சேர்ந்த கென் டானல்ட்ஸன் முதலியோர், பல சுவர்க் குழல்களை எலிகளின் வயிற்றறையில் செலுத்திப் பார்த்தார்கள். நீண்டும் விறைத்தும் இருந்த குழல்கள் ஆஸ்பெஸ்டாஸ் நார் உண்டாக்குவது போன்ற அழற்சியை உண்டாக்கின. குட்டையாகவும் சிக்குண்டும் இருந்தவை அவ்வாறு செய்யவில்லை. 2013-இல் அமெரிக்கத் தொழிலாளர் ஸுகாதார நிலையம், வேலை செய்யுமிடத்துக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் கரிக்குழல் இருக்கலாகாது என்று எல்லை வகுத்தது. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2014-இல் பல சுவர்க் குழலில் ஒரு குறிப்பிட்ட வகையை, மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. மற்ற வகைகளைத் தீர்ப்பிட முடியாதவை என்று ஒதுக்கியது.

இதைக் கொண்டு சட்டை அணிபவர் நடுங்கவேண்டிய அவசியமில்லை. ஈரமான மையிலும், நூலோடு ஒட்டிய நிலையிலும் குழல் காற்றில் பறப்பதில்லை. அபாயம் பெரும்பாலும் உலர்ந்த தூளை நிறுத்துக் கலப்பவருக்கும், கரிநூலைத் தறியில் ஓட்டுபவருக்கும், துணியை வெட்டித் தைப்பவருக்கும்தான். நூல் பண்ணையில் உராயும்போது பஞ்சு பறப்பதைத் தறி பார்த்தவர்கள் அறிவார்கள். மேல்நாட்டு ஆராய்ச்சிச்சாலையில் அந்தப் பஞ்சை இழுத்துக்கொள்ளக் காற்றுக்கூண்டு இருக்கிறது. நம் பக்கத்துத் தறியோ வீட்டுக் கூடத்திலே இருக்கிறது. தறிக்கு அடுத்த சுவரோரம் குழந்தை தூங்குகிறது, அதற்கும் அடுத்து அடுப்படி.

போனது எங்கே போகும் என்பதற்கு நீரைப்பற்றியும் ஒரு விடை உண்டு. அதை நாம் நேரிலேயே கண்டிருக்கிறோம். திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்றிய நீர் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. விவசாயிகள் வழக்காடி வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லும் நிலை வந்தது. வேலூர்ப் பக்கத்திலோ பாலாற்றைத் தோல் பதனிடும் நீர் கெடுத்தது. அவ்வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு, கேடு நிச்சயமாக நிரூபிக்கப்படவில்லை என்பதையே சாக்காகக் கொண்டு முன்னெச்சரிக்கையைத் தள்ளிப்போடலாகாது என்பதை இத்தேசத்துச் சட்டமாக்கியது. கரிக்குழலுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டத்தை இனிமேல் தேடி எழுதவேண்டியதில்லை.

முன்னொரு காலத்தில் நம் பஞ்சு லங்காஷயருக்குப் போய்த் துணியாகத் திரும்பி வந்தது. இப்போது மையும் வெளியிலிருந்து வந்து, தைத்த சட்டையும் வெளியே போய், தோய்க்கும் தொட்டியின் கழிவு மாத்திரம் நம் ஆற்றோடு தங்குமானால், அந்தப் பேரம் பழையதைவிட மோசம். நம் அபிப்பிராயம் யாதெனில், மின்சாரத் துணி என்று தான் தானாகத் தோய்க்கவே வேண்டாம் என்பதுதான். இருதயம் பார்க்கும் சட்டைக்கு மார்பில் படும் இடத்தில் சில சாண் நூல் போதும். மற்றதெல்லாம் சாதாரணப் பருத்தி. சில சாண் நூலைத் தோய்க்க ஒரு கிண்ணம் மை போதும். அதை மூடிய அறையில் தோய்க்கலாம், கழிநீரைச் சொட்டு விடாமல் பிடித்து வற்றவைக்கலாம். கம்பெனிகள் முழுப் பீஸாகக் கேட்கும். தொட்டி பெரிதானால்தான் அவர்களுக்கு லாபம்.

இன்னொரு சங்கதி பாக்கி இருக்கிறது. நம் வீடுகளில் துணிக்குச் சாவே கிடையாது. சேலை பழையதானால் தூளி. தூளி நைந்தால் குழந்தைக்கு விரிப்பு. அதுவும் போனால் அடுப்பிலிருந்து பானையை இறக்கும் கரித்துணி. கடைசியில் திரியாய் முறுக்கி எரித்தும் விடுவோம். மேல்நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் துவைத்துப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். நம்மவர் சோதிக்கும்போது, கிழிந்த சட்டையைத் தூளியாகக் கட்டலாமா, எரிக்கலாமா, ஆஸ்பத்திரிக்கே திருப்பித் தரவேண்டுமா என்பதையும் சோதித்து, அணிபவர் படிக்கும்படி தமிழிலே துணியின் ஓரத்தில் அச்சிட்டுக் கொடுக்கவேண்டும்.